தீவில் ஓர் ஆண் தலைவர்

நடந்தவற்றைச் சொல்லும் முன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. மரக்காணத்தை ஒட்டிய எங்கள் ஊரில் கல்லூரி சென்று பட்டம் பெற்ற முதல் ஆள் நான். உப்பளம் தந்தை வழியில் வந்தது. நல்ல பெயர் நானே தேடிக்கொண்டது. ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது, என் மனைவி நின்றாள், வென்றாள். வாக்கு யாரை நினைத்து விழுந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் நான் அமர்ந்தேன். அவள் கையொப்பமிட வேண்டிய இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மாலையில் தாள்கள் வீட்டுக்குப் போகும். புள்ளியின் மேல் அவள் தன் பெயரை எழுதுவாள். குடியரசு நாளன்று கொடிக்கயிற்றில் அவள் கை கீழே, என் கை மேலே. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பெண் தலைவர் இருந்த அண்டை ஊர்களிலும் இதுவே நடைமுறை. அதிகாரிகளும் என்னைத்தான் தலைவரே என்று அழைத்தார்கள். யாரேனும் அவளிடம் குறை சொல்ல வந்தால், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பாள். அந்த அடக்கத்தை ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன்.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்தபோது, மீனவக் குப்பத்து மக்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினார்கள். அரிசி, பாய், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பங்கிடும் பொறுப்பு என்னுடையது. பெண்கள் அலைச் சத்தம் கேட்டாலே நடுங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்க மனைவியை அனுப்பினேன். அவள் கதை சொல்லத் தெரிந்தவள் என்பதை அங்குதான் அறிந்தேன்.

கடலுக்கு நடுவே ஒரு தீவாம். அங்கே ஆட்சி பெண்களுடையது. உப்பளத்தில் பெண்கள் வாரு பலகை பிடித்து உப்பை இழுப்பார்கள். ஆண்கள் தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமப்பார்கள். திருமணமானால் ஆண்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆண் குழந்தை பிறந்தால், "பரவால்ல, அடுத்தது பொண்ணா பொறக்கும்" என்று தேற்றுவார்களாம். வராந்தாவில் நின்றபடி ஒரு மாலை நானும் கேட்டேன். குப்பத்துப் பெண் ஒருத்தி, "அங்க மாமனார் கொடுமை உண்டா அக்கா?" என்றாள்.

"இல்லாமயா? புளி கரைக்கத் தெரியலன்னு மருமகன நாள் பூரா கொட்டிக்கினே இருப்பாரு."

அலை வந்த பிறகு அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பயனுள்ள காரியம் என்று எண்ணி, அரிசி மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

குப்பத்து மக்கள் தற்காலிக வீடுகளுக்குப் போன பின்னும் தீவு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. உப்புக் கூடை சுமக்கும் பெண்கள் வரப்பில் நடந்துகொண்டே அதை வளர்த்தார்கள். 2006இல், பெண்கள் தின விழாவில் மகளிர் குழுவினர் அதை நாடகமாகப் போடுவதற்கு அனுமதி கேட்டார்கள். அனுமதித்தவன் நானே. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்தவனும் நானே. திண்டிவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முன்வரிசையில் அவருக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் என் மனைவி.

அந்தத் தீவில் ஓர் ஊரை மட்டும் ஆண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அங்கே ஓர் ஆண் வென்றான். மாலை அவன் மனைவியின் கழுத்தில் விழுந்தது. என் உப்பளத்தில் கூடை சுமப்பவள் ஒருத்தி கரியால் மீசை வரைந்து அந்த ஆணாக நடித்தாள். மேடையில் கிடந்தது ஊராட்சி அலுவலகத்து நாற்காலி. அதில் உட்கார்ந்தவள் அவன் மனைவி. கொடிக்கயிற்றில் அவன் கை கீழே இருந்தது.

"கையெழுத்து எங்கங்க போடணும்?" என்று அவன் காப்பியை நீட்டியபடி கேட்டான்.

"புள்ளி வெச்சிருக்கேன் பாரு."

தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தி மேடைக்கு வந்தாள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றான். தெருவிளக்குக்கு அடுத்தவள் வந்தாள், அதே பதில். மூன்றாமவள் வாய் திறந்ததும் கூட்டமே அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது. அதிகாரியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பியவர் சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சிரித்ததைவிட அந்த நிறுத்தம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. என் மனைவி சிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், பென்சில் விவகாரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நான் சொல்லலங்க. ஆபீஸ் பெருக்க வர்றவங்களுக்குக் கண்ணு இல்லையா? தீவு மட்டும்தான் என்னுது." பிறகு அவளே சொன்னாள்: "நாடகம் பாக்கப் பாக்க அந்த ஆள நெனச்சுதான் எனக்குப் பாவமா இருந்துது. அவனுக்குன்னு ஒரு வேலையே இல்ல."

அந்தக் கோடை நீண்டது. மனுவோடு வருபவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, "அவசரம் இல்லீங்க, வீட்ல கேட்டே சொல்லுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்டிப்பதற்கு அதில் ஒரு சொல்லும் தவறாக இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

அடுத்த தேர்தலிலும் எங்கள் ஊர் பெண்களுக்கே என்று அறிவிப்பு வந்தது. மனைவி மறுத்தால், நான் கட்டிய பெயரோடு நாற்காலி வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். வேட்புமனுவை நிரப்பி, வழக்கம்போலப் புள்ளி வைத்து அவள் முன் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நிக்கிறேன். ஆனா புள்ளி வேணாம். படிச்சுப் பார்த்துப் போடறேன். நாற்காலியிலயும் நானே உக்காந்துக்கறேன்."

முடியாது என்றால் என்ன செய்வாய் என்றேன்.

"வேற யாரையாவது நிறுத்துங்க. எனக்கு வருத்தம் இல்ல."

வாதாடும் தெம்பு எனக்கு இல்லை. ரப்பரைத் தேடி எடுத்து நானே புள்ளியை அழித்தேன். அவள் எல்லாப் பக்கங்களையும் படித்தாள். எனக்குத் தெரிந்தவற்றில் சிலவற்றை என்னிடம் கேட்டாள், விளக்கினேன். அதன் பிறகே கையொப்பமிட்டாள். வென்றாள். இப்போது காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள்.

நாடகத்தால் நான் பதவியை இழந்தேன் என்று ஊரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பதவி ஒருநாளும் என் பெயரில் இருந்ததில்லை. வீட்டில் நான்தான் சமைக்கிறேன் என்றும் சொல்கிறார்கள். அது உண்மையன்று. சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். மாலைக் காப்பி மட்டும் நான் போடுகிறேன்.