சுவரில் நின்ற பெண்ணின் கண்கள்

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஆனாலும் இதை என் கையாலேயே எழுத வேண்டும். போன மாதம் மகள் என்னைக் கோயமுத்தூரில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள். படங்களில் இருந்த பெண்கள், பார்க்க வந்தவர்களையே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தக் காலத்துப் புதுமை என்றாள் மகள். நான் அறுபதுகளிலேயே பார்த்துவிட்டேன் என்றேன்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. கம்பெனியின் ரோட்டோரச் சுவரில் விளம்பரம் வரைய ஒரு பெயிண்டர் வந்தார். கோபுரத்துப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிப் பழகியவர். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனால், சுவரில் கையில் பனியனைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். என் மூக்குத்தி, என் கன்னத்து மச்சம். மாராப்பு மட்டும் என்னுடையதல்ல, விலகிக் கிடந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. சாமிக்குச் செய்கிற மாதிரியே அவர் கண்ணைக் கடைசியில், வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் திறப்பார்.

எதிர் டீக்கடைக்காரர் பெஞ்சுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார். டீ ஆறியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் கடந்து போகும்போது படத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"ஏனுங்க அம்மிணி, செவுத்துல பாத்ததுக்குக் கொஞ்சம் எளைச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றான் ஒருவன்.

அம்மா அழுதாள். அந்த வாரத்தோடு வேலைக்கு முழுக்குப் போடச் சொன்னாள். சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்ட ருசியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். பெயிண்டர் செருப்பைக் கழற்றி, சூடம் காட்டிவிட்டுச் சாரத்தில் ஏற இருந்தார். என்னைக் கேட்காமல் எப்படி வரைந்தீர்கள் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்ததாகவும், மற்றதெல்லாம் முதலாளி சொன்னபடி என்றும், ஓரக்கண்ணால் சிரிக்கிற மாதிரி கண் வைக்கச் சொல்லியிருப்பதாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நா ஆரையும் அப்படிப் பாத்ததில்லீங்க. எப்படிப் பாப்பேன்னு நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று அவரைப் பார்த்தேன். அவர் தலை நிமிர வெகுநேரம் ஆனது.

"சரிங்கம்மா. அப்படியே நில்லுங்க" என்று மேலே ஏறினார்.

முதலில் மாராப்பைத் தோள்வரை இழுத்து மூடினார். பிறகு கண். மத்தியானத்துக்குள் பெஞ்சுகள் பழைய பக்கமே திரும்பிவிட்டன. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் சுவரில் நின்றவள் டீ குடிக்க வந்தவர்களையே பார்த்தாள். முதலாளி கோபத்தில் அடுத்த சுவரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தேதான் பெயிண்டர் தூரிகையை எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தேன், தலை குனிந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை பெயிண்டர் சாரத்தை விட்டு இறங்கியபோது, மத்தியானச் சோறு இருந்த என் தூக்குப்போசியை அப்படியே அவரிடம் கொடுத்தேன். சுவருக்கடியில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நான் பட்டினியாக உள்ளே போய்ப் பிசிறு வெட்டினேன். அவ்வளவு வயிறு நிறைந்த நாள் எனக்கு வேறு இல்லை.