நாலாவது கடன்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள் என்று அக்கா வைத்த ‘அவசரம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இருபத்தாறு வயதிலும் அந்தப் பெயருக்கு அவள் குறை வைக்கவில்லை. ஸ்கூட்டரைக் கடனில் வாங்கினாள். பிறகு, போன் வாங்க செல்போன் செயலி ஒன்றில் ஒரு கடன். இரண்டுக்கும் தவணை கட்டித் தீராமல் இன்னொரு செயலியில் மூன்றாவது. யாருக்கும் ஆபரேஷன் நடக்கவில்லை, யாரும் அவளை ஏமாற்றவும் இல்லை. சொல்லி அழக்கூட நல்ல காரணம் ஒன்று கையில் இல்லாததுதான் அவளை அரித்தது.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், ஆளுக்குப் பாதி. தன் பாதி தயாராக இருப்பதாக அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை போனில் ஒரு செய்தி வந்தது. புதுக் கடன் தயார், ஒரு முறை தொட்டால் போதும். பழைய மூன்றையும் அடைத்து, அட்வான்ஸுக்கும் மிஞ்சும். ஐந்து வருடத் தவணை. விரல் இரண்டு முறை திரைக்குப் போய்த் திரும்பியது. அந்த யோசனையிலேயே லென்ஸின் ஓரத்தை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாள். பிரேமில் வைத்ததும் பொத்தென்று விழுந்தது.

“இன்னைக்கு உன் மனசு எங்க இருக்கு?” என்றார் முதலாளி.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. இரண்டு தெரு தள்ளி அவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. அவன் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் நின்றிருந்தான். தலை அவள் முழங்கால் உயரத்துக்குத்தான் தெரிந்தது.

“சாப்பிட்டியா?” என்றான்.

“என் பங்குப் பணம் இருக்குன்னு சொன்னேன்ல, அது இல்ல.”

“செலவாயிடுச்சா?”

“இருந்ததே இல்ல. கடன்தான் இருக்கு. மூணு.”

அவன் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தான். “மொத்தம்?”

“மூணே முக்கால் லட்சம்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தியா?”

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. “ஆமா” என்றாள்.

“வீட்டுக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். கல்யாணம் எப்போன்னு இப்ப என்னைக் கேக்காத. எனக்குக் கோபமா இருக்கு.”

அவன் மறுபடி குனிந்துகொண்டான். பரவாயில்லை, நான் கட்டுகிறேன் என்று அவன் சொல்வான் என உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கடைக்குத் திரும்பும் வழியிலேயே அந்தச் செய்தியை அழித்தாள். அதே வாரம் ஸ்கூட்டரை விற்றாள். நினைத்ததைவிடக் குறைவாகவே போனது. அதன் கடன் தீர்ந்து கையில் கொஞ்சம்தான் நின்றது. வட்டி அதிகமான கடனுக்கு அதைக் கட்டினாள். மூன்றாவது கடனைக் கொடுத்தவர்களின் அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள்.

“தவணையைக் குறைச்சா மாசம் கூடும்மா,” என்றார் அங்கிருந்தவர்.

“எத்தனை மாசம், மொத்தம் எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க சார்.”

பஸ்ஸுக்குக் காத்து நிற்க அவளால் முடியவில்லை. அடுத்த நிறுத்தம் வரை நடப்பாள். பஸ் அவளைத் தாண்டிப் போய்விடும். “உனக்கு டிக்கெட் காசாவது மிச்சம்,” என்றாள் அக்கா.

பத்தொன்பது நாள் அவன் பேசவில்லை. இருபதாம் நாள் கடை வாசலில் வந்து நின்றான்.

“இப்ப எவ்வளவு பாக்கி?”

சொன்னாள். கேட்டுக்கொண்டு போய்விட்டான். பிறகு மாதாமாதம் கேட்டான். அவளும் ஒரு ரூபாய் மறைக்காமல் சொன்னாள்.

பதினாலு மாதம் கழித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரே அறை, மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறானே என்று அக்கா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினாள். சாமான்களை இறக்கிவிட்டு எல்லோரும் போன பிறகும் அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“கொஞ்சம் உக்காரேன்,” என்றான்.

“இன்னும் அஞ்சு மாசத் தவணை இருக்கு.”

“தெரியும். உக்காந்துகிட்டே கட்டலாம்.”

அவள் ஒரு பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.