நிரலுக்குள் பூட்டிய ஒன்பது பார்

அண்ணன் கடப்பாக்கத்தில் படகு ஓட்டுகிறார். நான் செங்கல்பட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறேன். மீன் கூடும் கடலடிப் பாறையைப் பார் என்போம். அப்படி ஒன்பது பார் இருக்கும் இடத்தை அப்பா அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படிக்கப் போனவனுக்கு எதற்கு என்று என்னை விட்டுவிட்டார்.

அண்ணனுக்காக ஒரு மொபைல் செயலி செய்தபோதுதான் அந்த ஒன்பதும் எனக்குத் தெரிந்தன. "எங்கியும் எழுதி வெக்காத" என்றார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய மேதாவி மாதிரி, தனியாக எங்கும் எழுதாமல் நிரலுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். அவருடைய ரகசிய எண்ணைப் போட்டால்தான் தெரியும். மற்ற படகுக்காரர்களுக்கு வரைபடமும் கரை திரும்பும் வழியும் மட்டும்.

வரைபடத்துக்கு ஓர் இலவச மென்பொருளைச் சேர்த்திருந்தேன். அதற்கு இரண்டு உரிமங்கள். செயலியைப் பெற்றவர் கேட்டால் நம் நிரலை முழுசாகக் கொடுப்பதாக இருந்தால் இலவசம். மூடி வைக்க வேண்டுமென்றால் காசு. படித்துவிட்டுத்தான் எடுத்தேன். நம் கரையில் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கேட்டார்கள். செயலி கைமாறிப் புதுப்பட்டினம் வரை போயிருந்தது. அங்கே இன்ஜினியரிங் படித்துவிட்டுப் படகு வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார்.

"அண்ணாத்த, லைசென்ஸ்ல போட்டுகீதே, சோர்ஸ் கோடு அனுப்புறியா? எங்க ஆளுங்களுக்கு ஏத்தமாரி மாத்திக்கிறோம்."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. நிரலைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒன்பது பாரும் சேர்ந்தே போய்விடும். பார்களை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்யலாம். ஆனால் அவர் கையில் இருப்பதும் கேட்பதும் பழையது. மூன்று நாள் இழுத்தடித்தேன். இந்த வேலையில் தலை நரைத்தவனுக்கு இப்படி ஆகும் என்று முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அலுத்துப்போய்க் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன் வலை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடுக்கலன்னா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. ஆனா, கேட்டா குடுக்குறேன்னு ஒத்துகினுதான் அத எடுத்தேன். வாக்கு குடுத்தமாரி."

"எனுக்குந்தான் குடுத்த."

வலையின் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் வலையைப் பார்த்தபடியே, "சரி, குடுத்துடு" என்றார்.

கொடுத்தேன். இப்போது அந்தப் பார்களில் புதுப்பட்டினத்துப் படகுகளும் நிற்கின்றன. அண்ணன் சண்டை போடவில்லை. போன் செய்தால் எடுக்கிறார், ஊருக்குப் போனால் மீன் கட்டிக் கொடுக்கிறார். போன வாரம் சங்கரா மீன் நிறைய விழுந்ததாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"கடல்லதான்" என்றார்.