பாதி கீபோர்டு போதும்

முதலில் அக்கா தன் வலது கையை உட்கார வைக்கிறார். இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கீபோர்டின் வலது பாதியின் மேல் கிடத்தி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டு, "சும்மா இருக்கணும், என்ன?" என்று அதட்டுகிறார். பிறகு நெற்றியில் ஏறியிருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்குகிறார். இடது கை பாய ஆரம்பிக்கிறது. எதிர் மேசையில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் அலுவலகம் திறந்த மாதிரி இருக்கும்.

எங்கள் தொழில் அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் அச்சாகும் வாசகம் என் பொறுப்பு. 'கவனமாகக் கையாளவும்', 'இந்தப் பக்கம் மேலே' போன்ற அழியாத இலக்கியங்களை எழுதியவன் நான்தான். பெட்டியின் அளவு அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் ஒரு விளக்கையோ குழாயையோ கொண்டுவந்து வைத்தால், அதை அளந்து, அட்டையின் கனத்தைச் சேர்த்து, மடிப்புக்கு இடம் விட்டு, எவ்வளவு பெரிய அட்டையை எங்கே வெட்டி எங்கே மடக்குவது என்று சொல்ல வேண்டும். எல்லாரும் அவரை அளவம்மா என்கிறார்கள். நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் 'வாசகரே' என்பார்.

அவர் கணக்குப் போடுவது, எழுதுவதற்கென்று யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஒரு பழைய மென்பொருளில். வெறும் எழுத்துத் திரை. படமும் கிடையாது, பகட்டும் கிடையாது. அதன் வயிற்றுக்குள் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. எண்களை முதலில் வரிசையாக உள்ளே தள்ளிவிட்டு, என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். தலைகீழாக இருக்கிறதே என்றேன். "என்ன தலைகீழ்? அஞ்சையும் மூணையும் கூட்டுன்னுதானே தம்பி வாய்ல வருது? நாம பேசுற மாதிரி பேசுற ஒரே மெஷின் இதுதான்" என்றார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்த் திரும்பியது. திரும்பியது என்ன, வட்டியோடு வந்தது. காலும் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. பிசைந்து பழகச் சொல்லி மருத்துவர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அதை அவர் கணவர் தொலைக்காட்சி பார்த்தபடி பிசைந்துகொண்டிருந்தார். அக்கா கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைப் படித்துப் படித்து, கால்குலேட்டரின் கீகளை எல்லாம் குடி மாற்றினார்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏற்கெனவே இடப் பக்கம்தான். ஆறு முதல் பூஜ்யம் வரைக்கும் அதன் கீழ் வரிசைக்கு வந்தன. கூட்டலும் பெருக்கலும் அதற்கும் கீழே. எண்ணை உள்ளே தள்ளக் கட்டைவிரலுக்கு அடியில் நீளமான ஸ்பேஸ் பார் இருக்கவே இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் போட்டு அடிவரிசையின் மூலைக் கீயைத் தட்டினால், வெட்ட வேண்டிய அட்டையின் அளவு முழுசாக வந்து நிற்கும். வலது பாதியில் இருப்பவை எல்லாம் கால்குலேட்டருக்குள் செத்த கீகள். கை தானாகத் துள்ளி அவற்றின் மேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

அப்புறம் கொக்கிகள். கால்குலேட்டர் திறக்கும்போது, மூடும்போது, ஒரு விடை வரும்போது என்று ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வேலையை மாட்டி வைக்கலாமாம். திறந்த உடனே மில்லிமீட்டருக்கு மாறிக்கொள்ள ஒரு கொக்கி. மூடினால் கடைசி விடையை வேலைத்தாளில் எழுதிவிட ஒரு கொக்கி. ரொம்ப நேரம் கணக்குப் போட்டால், 'கொஞ்சம் ஓய்வெடு' என்று திரையின் அடியில் எழுத ஒரு கொக்கி. இதை எழுதியவரும் அவரேதான். ஆனாலும் அந்த வரி வந்தால், "நீ எடு, போ" என்று அதனோடு சண்டை பிடிப்பார்.

காலையில் தலை பின்னிவிடுவது கணவர். லிஃப்ட் மெக்கானிக், கம்பிக் கயிற்றை முறுக்கிப் பழகிய கை. பின்னல் தினமும் இடப் பக்கம் சாய்ந்தே வரும். வெட்டிக்கொண்டால் லேசாக இருக்குமே என்று யாரோ சொன்னதற்கு, "தலையை அவரு பார்த்துக்கட்டும். தலைக்குள்ள இருக்கறதை நான் பார்த்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிட்டார்.

தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குத் திரும்பிய புதிதில் கூட்டலையும் கழித்தலையும் பக்கத்துப் பக்கத்துக் கீயில் வைத்திருந்தார். விரல் சறுக்கியது. அட்டையின் கனத்தைச் சேர்ப்பதற்குப் பதில் கழித்துவிட்டார். மேசை விளக்குக்கான பெட்டிகள் ஒரு லோடு முழுக்கத் தயாராகி வந்தன. ஒரு விளக்காவது உள்ளே இறங்க வேண்டுமே! "தப்பு என்னோடது" என்று அக்கா நிமிர்ந்து நின்று சொன்னார். அன்றைக்கே கழித்தலை அடிவரிசைக்குத் துரத்தினார். பெட்டி பொருளைவிடச் சின்னதாக வந்தால் எண் சிவந்து, 'உள்ளே போகாது' என்று காட்ட இன்னொரு கொக்கியும் மாட்டினார். மேலாளர் மட்டும் அந்தப் பெட்டிகளில் ஒன்றைத் தன் அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டார். அவர் அறைக்குள் போகும்போதெல்லாம், "இன்னும் இதைத் தூக்கிப் போடலையா சார்?" என்று அக்கா கேட்காமல் இருந்ததில்லை.

போன மாதம் சிஸ்டம் சார் வந்தார். நிறுவனத்தின் கணினிகளை எல்லாம் கட்டி மேய்ப்பவர். கெட்டவர் இல்லை, பட்டியலை நம்புகிறவர். எல்லா மேசைக்கும் புதுக் கணினி, எல்லாவற்றிலும் ஒரே பெட்டி மென்பொருள், பட்டியலில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது என்றார். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, வலப் பக்கத்து எண்களைத் தட்டிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

"கீபோர்டு போயிடுச்சு மேடம்."

"போகலை சார். நான்தான் அனுப்பி வச்சேன்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தானே மேடம் நான் பார்த்துக்க முடியும்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கை இருக்கா சார்?"

சிஸ்டம் சார் பட்டியலைப் புரட்டினார். கை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மேலாளர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இதமாகப் பேசினார். கதவு திறந்தே இருந்ததால் என் காதிலும் விழுந்தது. "பேசாம வரவேற்பு மேசைக்கு வந்துடுங்கம்மா. வர்றவங்களைப் பார்த்துச் சிரிச்சா போதும். கஷ்டமே இல்லை."

"எனக்குச் சிரிக்கறதுதான் சார் கஷ்டம்."

வெளியே வந்தவர் என் மேசையருகே நின்றார். குரல் இறங்கியிருந்தது. "அளவு போச்சுன்னா நான் இங்க யாரு தம்பி? வாசல்ல வச்ச பூந்தொட்டியா?" எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவருக்கு என் ஆத்திரம் தேவைப்படவில்லை.

ஒரு பெட்டியின் அளவை அக்கா புது மென்பொருளில் போட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வரவேற்பு மேசை என்று முடிவானது. புதுக் கணினி வந்தது. மேலாளர் அந்த விளக்குப் பெட்டியையும் மறக்காமல் எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஒரு பீங்கான் ஜாடியைக் கொடுத்தார்கள். அக்கா அளந்தார். திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸைப் பிடித்து ஒரு அழுத்தல், பிறகு வலக் கோடியில் இருக்கும் எண்களுக்கு ஒரு ஓட்டம். இடது கை அங்கும் இங்கும் அலைந்தது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. நீளம் முடிந்தது, அகலம் முடிந்தது. உயரத்துக்கு வரும்போது வலது கை துள்ளி எண்களின் மேல் விழுந்தது.

ஜாடியின் பெட்டி மேகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கட்டம் நிறைந்து வழிந்தும் எண் நிற்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அது சிரிப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. சிஸ்டம் சார் பதறிப்போய்க் குனிந்து, நல்ல எண்ணத்தோடுதான், அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனார்.

"விடுங்க சார். அது என் கை."

சிஸ்டம் சார் விட்டுவிட்டார். அக்கா இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்தார். அதன் முனையை ஒரு கீயின் அடியில் கொடுத்து நெம்பினார். டக்கென்று அது கழன்று விழுந்தது. அடுத்ததை நெம்பினார். வலக் கோடியில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், பல் பிடுங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக நடுப்பகுதி வரைக்கும் வந்தார்.

"அம்மா, இது புதுசும்மா!" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். பழசுல நெம்ப வேண்டிய அவசியம் வரலை."

கழன்ற கீகளை எல்லாம் உள்ளங்கையால் கூட்டி அள்ளி, அந்த விளக்குப் பெட்டிக்குள் கொட்டினார். மேல் மடிப்பை இடது கையாலேயே மடக்கி மூடி, மேலாளர் பக்கம் தள்ளினார்.

"பாருங்க சார், உள்ளே போகுது. இதுக்குச் சரியான அளவுதான்." பிறகு சிஸ்டம் சாரிடம் திரும்பினார். "என் கால்குலேட்டரை இதுல ஏத்துங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்கறதா இல்லை."

சொல்லிவிட்டு, வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மொட்டையாகிப் போன அந்தப் பாதியின் மேல் கிடத்தி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.