எட்டாம் நாள் படையலைத் தின்ற நாய்

அண்ணை போன எட்டாம் நாள், மொன்ட்ரியாலின் லாசால் பக்கத்தில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டில் எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். ஒரு கிழமையாக வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, ஒரே சாவின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, காலும் நோவு, நாக்கும் நோவு.

எட்டுச் செலவுக்கு, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். அண்ணி விடியவே எழும்பி ஆட்டிறைச்சிக் கறி, வெங்காயம் தூக்கலான வடை, பிளம்ஸ் போட்ட பாயாசம் எல்லாம் தானே செய்தார். உலர்ந்த திராட்சைக்கு எங்கள் வீடுகளில் பிளம்ஸ் என்றுதான் பெயர். மத்தியானம் அண்ணையின் அறையில் படைத்தோம். கதவைச் சாத்தியது நான்.

அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால், இலை துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. பின்னால் நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "வந்து வயிறாறிப் போட்டார்" என்றார் ஒருவர். அண்ணியின் முகம் அந்த எட்டு நாளில் முதல் தடவையாக இளகியது. முன்னால் நின்ற எனக்கு மட்டும் கட்டிலுக்கடியில் ஒரு வால் தெரிந்தது. அண்ணையின் சின்ன நாய் அங்கேதான் படுக்கும். சாத்துமுன் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நாய்தானே, தின்றால் என்ன வந்துவிடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மணித்தியாலத்தில் அது, அண்ணி சமைத்த குசினியின் மூலையில் வாணீர் வடித்துக்கொண்டு நின்றது. பிறகு சத்தி எடுத்தது. தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடியாமல் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: இஞ்சித் தண்ணி பருக்கு, உப்புத் தண்ணி பருக்கி மிச்சத்தையும் வெளியில் எடு, பாதிப் பனடோல் குடு. எங்கள் சனத்துக்குத் தலையே கழன்று விழுந்தாலும் பனடோல்தான். அண்ணையின் மகள் ஒன்றுக்கும் விடவில்லை. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துப் பிரெஞ்சில் கதைத்தபடியே குனிந்து சத்தியைப் பார்த்தாள். ஊதிப்போன பிளம்ஸ் இரண்டு கிடந்தன.

"சித்தப்பா, பிளம்ஸ் நாயின்ர கிட்னியை அடிக்குமாம். வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்குமாம், அது சில நாள் கழிச்சுத்தான் தெரியுமாம். நாங்களா ஒண்டும் பருக்க வேண்டாமாம், உடன கொண்டு வரட்டாம். எப்ப திண்டது, எவ்வளவு திண்டது எண்டு கேக்கினம்."

எப்போது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பது சமைத்துப் படைத்த அண்ணிக்குத்தான் தெரியும். அவரோ ஹோலில், பிந்தி வந்தவர்களுக்கு அந்த இலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அண்ணி, பாயாசத்தில எவ்வளவு பிளம்ஸ் இருந்திருக்கும்?"

"ஏன் தம்பி?"

"நாய் உள்ளுக்க நிண்டிட்டுது."

அண்ணி என்னைப் பார்க்காமல், ஒரு கைப்பிடி இருக்கும், அவருக்கென்று அள்ளிப் போட்டேன் என்றார். பிறகு வடை நாலு, இறைச்சி ஒரு அகப்பை என்று தானே ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள் போனில் ஒப்புவித்தாள்.

காரில் நாயைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தவரும் அண்ணிதான். பாதி வழியில் கேட்டார்.

"கதவு திறக்கேக்கயே கண்டனீரோ?"

"ஓம் அண்ணி. உங்கட முகத்தைப் பாத்திட்டு..."

"என்ர முகம் கிடக்கட்டும். இதுக்கும் ஏதும் எண்டால், இன்னொருக்கா எட்டுச் செலவு செய்ய என்னால ஏலாது தம்பி."

அங்கே ஊசி போட்டு மிச்சத்தையும் சத்தியாக எடுப்பித்தார்கள். இரண்டு நாள் சேலைன் ஏற்றி, இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கிட்னி தப்பியது. வெங்காயத்தின் கேடு பிந்தித் தெரியும் என்பதால், இன்னும் கொஞ்ச நாள் பல் முரசு வெளிறுகிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் மொன்ட்ரியால்-நோரிலிருந்து ஒரு சொந்தக்காரர், அண்ணை வந்து சாப்பிட்ட கதையைக் கேள்விப்பட்டு அண்ணிக்குப் போன் எடுத்தார். அண்ணி, "இல்லை, நாய்தான் திண்டது" என்று சொல்லி வைத்துவிட்டு, அதன் உதட்டை விரலால் தூக்கி முரசைப் பார்த்தார்.