பச்சை மட்டை

அன்றைக்கு வெட்டின தென்னை மட்டையில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும்... கழுவினாலும் உள்ளங்கையை விட்டுப் போகாது. விடுதியில் ஒன்றாக இருந்த உங்கள் மூன்று பேருக்கும் நான் இதை இதுவரை எழுதியதில்லை.

கல்யாணமாகி இவர் ஊரான பெருமாட்டிக்கு வந்த புதிது. எனக்கு ஐந்தாம் மாதம். கோவாவில் போர்த்துகீசியர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தியாக்கிரகத்துக்கு ஆட்கள் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவரும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை.

போகிறவர்கள் அடி விழுந்தால் கையைத் தூக்கக் கூடாது. தடுப்பதற்குக்கூட. அதற்குப் பழக வேண்டுமாம்.

யார் அடிப்பது? நான்தான்.

தினமும் காலையில் தோப்பில் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். நான் மட்டையை ஓங்கினதுமே அவர் கை தானாக மேலே போகும். மறுபடி என்பார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கட்ட வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

ஊரெல்லாம் சிரித்தது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கோ அடிக்க மனசு வரவில்லை. ஓங்குவது பலமாக இருக்கும், விழுவது பூ மாதிரி... அவருக்கும் தெரியும்.

"நல்லா அடி புள்ள. அங்க உன்னையாட்டத் தடவிக் குடுக்க மாட்டாங்க."

போனார். எல்லையில் துப்பாக்கிக் கட்டை தலைக்கு வந்தபோது கை மேலே போய்விட்டது. எலும்பு முறிந்து திரும்பி வந்தார். கூடப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

ஊரில் மாலை போட்டார்கள். குனிந்தே நின்றார். கையைத் தூக்கியதை என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, அவருக்கு அது அவமானம். நான் மெதுவாக அடித்ததால் அந்தக் கை எழுந்தது. அது எழுந்ததால் தலை தப்பியது... இதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது பையனுக்கு மூன்று வயசு. மாதம் தவறாமல் காய்ச்சல். அப்பா வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதென்று அவனுக்குப் புரியவில்லை, தூக்கு தூக்கு என்று அழுகிறான். அன்று அத்தனை மட்டை ஓங்கினவளுக்கு இன்று ஈரத்துணி பிழிந்தாலே கை வலிக்கிறது.

கோவா இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது சொன்னார்.

"மறுபடி கூப்பிட்டாப் போவேன். இந்தத் தடவை நெசமாலுமே அடிக்கோணும் நீ."

நான் மோர் ஊற்றினேன்.

இன்று காலையில் தோப்பில் கிடந்த மட்டைகளையெல்லாம் வெந்நீர் அடுப்புக்கு இழுத்து வந்துவிட்டேன். பச்சை... தீ பிடிக்கவில்லை, புகைதான் வந்தது. கண் எரிய எரிய ஊதிக்கொண்டே இருந்தேன்.