பூஞ்சை உடம்புக்காரி

படர்தாமரை என்று சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், இடுப்பைச் சுற்றிச் சிவந்து அரிக்கும் தோல் நோய்க்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கீழப்பழுவூரிலிருந்து திருமானூருக்குத் தினமும் பஸ்ஸில் நின்றபடி போய்த் தமிழ் நடத்திவிட்டு வருகிறவளுக்கு வியர்வைக்கா பஞ்சம்?

அரியலூரில் தோல் டாக்டரிடம் மாமியாரும் கூட வந்தார். "பூஞ்சைதாம்மா, வேற ஒண்ணுமில்ல. களிம்பு போடுங்க, துணிய நல்லா வெயில்ல காயவச்சுக் கட்டுங்க" என்றார் டாக்டரம்மா. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் என் கணவர் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து, "பங்கஸ் களிம்பு வாங்கிட்டேன், இந்தா" என்று கையில் கொடுத்தார்.

பிள்ளைகளுக்கு ஒட்டக் கூடாதே என்று நானேதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். தோல் ஆறியது. தழும்புகூட இல்லை. மாமியார் மட்டும் வாசலைத் தாண்ட விடவில்லை. துணி காயப்போட மாடி ஏறினால், "வெயில்ல நிக்காத, எறங்கி வா" என்று கூப்பாடு. என் பாவாடைகள் பின்னறைக் கொடியில் காற்றில்லாமல் தொங்கின. இடுப்பில் அரிப்பு வந்ததற்கு எதற்கு ஆட்டுக்கால் சூப்பு என்று கேட்டால், "பேசாம குடி" என்பார். கணவரிடம் முறையிட்டேன். "அம்மா சொல்றதக் கேளு, இப்ப என்ன அவசரம்" என்று சிமெண்ட் ஆலைத் தூசியைக் கழுவப் போய்விட்டார். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

அடைந்து கிடந்த மத்தியானங்களில் போனில் அந்தச் சொல்லைத் தோண்டினேன். பங்கஸ் என்றால் லத்தீனில் காளானாம். அதற்கும் முன்னால், கடற்பஞ்சைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம். பஞ்சாவது காளானாவது, நம்முடையது எவ்வளவோ அழகு. ஊறுகாயோ செருப்போ, மேலே வெள்ளை படிந்தால் "பூத்துப் போச்சு" என்கிறோம். பூசணம், பூஞ்சணம், பூஞ்சை, எல்லாவற்றிலும் ஒரு பூ ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. சரியோ தப்போ, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே கேட்டது.

"பாத்தா தெரியுதா? பூஞ்சை உடம்புங்க. பஸ்ல ஏறி எறங்கத் தாங்காது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோஞ்சான் பிள்ளையைப் பூஞ்சை என்பார்களே! வேரெல்லாம் தேடிய தமிழ் டீச்சருக்கு அந்தப் பொருள் ஞாபகமே வரவில்லை. வெளியே ஓடினேன்.

"அத்தே, அந்தப் பூஞ்சை வேற! அவங்க சொன்னது படர்தாமரைய!"

"படர்தாமரையா? இதுக்கா ஒன்ன வூட்ல பூட்டி வச்சேன்?" மாமியார் தலையில் கைவைத்தார். பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்கே அவன்ட்ட கேட்டேனே. பூஞ்சைன்னா ஒடம்பு தாங்காதாடான்னு. ஆமாம்மா, வூட்லயே இருக்கட்டும்னுதானே சொன்னான்."

பங்கஸ் களிம்பு என்று கேட்டு வாங்கி வந்தவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, மாமியார் முன்னால் கேட்டேன்.

"ஏங்க, ஒங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் செருப்பைக் கழற்றினார். "ரெண்டும் ஒரே வார்த்தைதானே" என்றார். "காபி போடு."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.